சேர்வராயன் காப்பியில் என்ன கலந்திருக்கிறது

காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளில் கொட்டையைத் தேர்ந்தெடுத்த உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு: "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" பீபெரி ரகமா, பிளாண்டேஷன் ஏ ரகமா என்று யோசித்து நிற்பவர்கூட இதற்குத் தயங்குவதில்லை. எண்பதுக்கு இருபது என்பார், எழுபதுக்கு முப்பது என்பார். கடைக்காரர் வேறொரு டப்பாவிலிருந்து கருத்த தூளை அள்ளித் தராசில் இட்டு, அரவை இயந்திரத்தின் சூடு ஆறாத காப்பித்தூளோடு புரட்டிப் பொட்டலம் கட்டுகிறார். ஒரு செடியின் கொட்டையோடு, அதற்கு எந்த உறவும் இல்லாத இன்னொரு செடியின் வேரைச் சேர்த்துக் குடிப்பது தமிழ்நாட்டில் அன்றாட வழக்கம். காப்பியைக் காப்பியாகவே குடிக்கப் பழகியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். அண்மைக் காலமாக நம் நகரங்களிலும் அந்த முகச்சுளிப்பு பரவியிருக்கிறது. சிக்கரி என்றாலே கலப்படம் என்று பேசுவது காப்பி தெரிந்தவர் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. இந்த வெறுப்பு பிழையான இடத்தில் விழுகிறது என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற அயல்பொருளைப் பார்த்து நாம் அதிர்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் நடந்த பெரிய கலப்பு நம்மை உறுத்தியதே இல்லை. ஏற்காட்டுக் காப்பியின் இருநூறு ஆண்டு வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி ஒரு வந்தேறி. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820 வாக்கில் இங்கே காப்பியை நட்டார் என்பது மலையின் வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. எத்தியோப்பியக் காடுகளில் தோன்றி, ஏமன் வழியாக உலகுக்குப் போன செடி அது. அதற்கு முன் இந்த மலையின் சாப்பாடு வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, காட்டுத் தேன் எடுத்து வாழ்ந்தார்கள். காப்பி வந்ததும் மலைச்சரிவின் உருவமே மாறியது. நிழலுக்கென்று ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரத்தை வரிசையாக நட்டார்கள். அந்த மரத்தின் மேல் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட மிளகுக் கொடியை ஏற்றினார்கள். இன்று ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் நடுவில் நின்று பார்த்தால், இடுப்பளவில் ஆப்பிரிக்கச் செடி, தலைக்கு மேல் ஆஸ்திரேலிய மரம், அதைச் சுற்றிப் படரும் நம் ஊர்க்கொடி, இடையிடையே ஆரஞ்சும் பலாவும். மூன்று கண்டங்கள் சேர்ந்து நிற்கும் இந்தக் காட்சியை ஒருவரும் விசித்திரம் என்பதில்லை. மலையின் இயற்கை அழகு என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

காப்பியே தமிழர் வீட்டில் ஒரு விசித்திரச் சேர்க்கையாகத்தான் நுழைந்தது. காலையில் நீராகாரமோ பழையதோ சாப்பிட்ட குடும்பங்களில் கறுப்புக் கஷாயம் ஒன்றைப் பாலோடும் சர்க்கரையோடும் கலந்து குடிக்கும் பழக்கம் வந்தபோது எழுந்த எதிர்ப்பை, வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாகத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். உடம்பைக் கெடுக்கும், பெண்களைக் கெடுக்கும், காசைக் கரைக்கும் என்றெல்லாம் அன்று எழுதினார்கள். இரண்டு தலைமுறைக்குள் அதே பானம் தமிழ்ப் பண்பாட்டின் முத்திரையாகி, டபராவும் டம்ளருமாகக் கல்யாண வீட்டில் முதல் உபசாரமாக உட்கார்ந்துகொண்டது. எதிர்ப்பு சொன்ன காரணங்களில் எதுவும் இடைப்பட்ட காலத்தில் ஆராய்ந்து தள்ளப்படவில்லை. வந்த வழி மறந்துபோனது, அவ்வளவுதான்.

சிக்கரி வந்த வழி மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அது பஞ்சத்தின் வழியாக வந்தது. 1806-இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை மூடியபோது காப்பிக்கொட்டை அரிதாகி, வறுத்த சிக்கரி வேர் பிரான்சில் பெரிய அளவில் பழக்கத்துக்கு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகம் முற்றுகைக்குள்ளான நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் இதே கதைதான். அங்கே இன்றுவரை சிக்கரி கலந்த காப்பி ஊரின் பெருமை. லண்டனில் நடந்தது நமக்கு இன்னும் முக்கியமானது. 1840-இல் அரசே சிக்கரி கலப்புக்கு அனுமதி கொடுத்தது. பத்து ஆண்டுகள் கழித்து ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர், கடைகளில் தூய காப்பி என்று விற்ற தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மிகப் பெரும்பாலானவற்றில் சிக்கரி இருந்தது. வறுத்த தானியமும் பயறும்கூடச் சிலவற்றில் இருந்தன. லான்செட் இதழில் இவை வெளியாகிப் பெரும் விவாதம் கிளம்பியது. அன்று நியாயமாகக் கோபப்பட்டவர்களின் கேள்வி, காப்பியின் விலை கொடுத்தவனுக்கு வேரைக் கொடுக்கலாமா என்பது. கலந்ததைக் கலந்தது என்று உறையில் எழுதி விற்கலாம் என்ற முடிவுக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. இந்தியாவின் இன்றைய விதியும் அந்த வழியிலேயே போகிறது: காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும்.

ஆக, ஒரு சேர்க்கையைப் பற்றி இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன: சுவைக்கிறதா, சொல்லி விற்கிறார்களா? முகச்சுளிப்பு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. சுவையை எடுத்துக்கொண்டால், நம் காப்பிக்குச் சிக்கரி செய்யும் வேலை சிறியதல்ல. அந்த வேரில் உள்ள இன்யூலின் என்ற நார்ச்சத்து வறுபடும்போது சர்க்கரை கருகிய மணமும் கறுப்பு நிறமும் தருகிறது. காஃபின் அதில் கிடையாது. ஃபில்டரில் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்குகிறது. பாதிக்கு மேல் பால் ஊற்றினாலும் நிறமும் கசப்பும் அடங்கிப்போவதில்லை. பாலில்லாமல் குடிப்பவருக்கு இது தேவையற்ற சுமை, உண்மை. பால் நிறைய ஊற்றிக் குடிக்கும் ஊரில் இது ஒரு தீர்வு.

தோட்டக்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள். மலைச்சரிவின் குளிரில் மெல்லப் பழுத்த அராபிகாவின் நுண்மையான புளிப்பையும் மணத்தையும் சிக்கரி மூடிவிடுகிறது, பழத்தைக் கையால் பொறுக்கி, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்திய அத்தனை உழைப்பும் அதன் அடியில் போய்விடுகிறது என்பது அவர்கள் வாதம். இது வலுவான மறுப்புதான். அந்த மணத்துக்காகவே விலை கொடுப்பவர் சிக்கரி கலக்காத தூளை வாங்க வேண்டும், அதைப் பாலில் மூழ்கடிக்கவும் கூடாது. ஆனால் பாலும் அதே மணத்தைத்தான் மூடுகிறது, சர்க்கரையும் மூடுகிறது. சிக்கரியைப் பழித்துவிட்டு முக்கால் டம்ளர் பாலை ஏற்றுக்கொள்பவரின் அளவுகோல் சுவையாக இருக்க முடியாது. பால் நம் வீட்டுப் பொருள், சிக்கரி ஏழைகளுக்கான பதிலி என்ற நினைப்பே அங்கே தீர்ப்பு எழுதுகிறது.

இன்னொரு மறுப்பு நம் மரபிலிருந்தே வரும். எதை எதோடும் சேர்க்கலாம் என்பது சரியா? மீனோடு பால் ஆகாது, நெய்யும் தேனும் சம அளவில் ஆகாது என்று ஆயுர்வேதம் விருத்த ஆகாரப் பட்டியலே வைத்திருக்கிறதே? இந்தப் பட்டியலை மதிக்கிறேன். முன்னோர்கள் உணவுச் சேர்க்கையைப் பற்றித் தீவிரமாக யோசித்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த விலக்குகள் உடம்பில் என்ன விளையும் என்பதைப் பற்றியவை. ஆகவே சோதித்துப் பார்க்கக் கூடியவை. மீனோடு தயிரையும் ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வங்காளத்தில் தயிரில் வேகவைத்த மீன் விருந்துச் சாப்பாடு. ஒரு வட்டாரத்தின் விலக்கு இன்னொரு வட்டாரத்தின் விருந்தாக இருக்கும்போது, விலக்குக்குக் காரணம் கேட்பது மரபை அவமதிப்பது ஆகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வேகாத தினைமாவில் தேனைக் குழைத்து உண்பது மலைநாட்டின் பழைய சேர்க்கை. வள்ளி கிழவராக வந்த முருகனுக்குக் கொடுத்தது என்பதால் அதைப் பிரசாதமாகக் கையேந்தி வாங்குகிறோம். முன்பின் அறியாத ஒருவரிடம் பச்சை மாவில் தேன் என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மலையில் விற்கும் பழமும் இப்படித்தான். அன்னாசிக் கீற்றிலும் பிளந்த கொய்யாவிலும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவதைப் பார்த்து ஐரோப்பியப் பயணிகள் திகைக்கிறார்கள். அன்னாசி, கொய்யா, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்தில் வந்தவை. அவற்றின் தாயகத்தைச் சேர்ந்த மெக்சிகோவில் பழத்தின் மேல் மிளகாய் தூவுவது இன்றும் தெருவழக்கம். உப்பு கசப்பை அடக்கி இனிப்பை மேலே கொண்டுவருகிறது என்று பிரெஸ்லின், போஷாம்ப் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். மலையடிவாரத்தில் சேலத்துத் தட்டுவடை செட்டை எடுத்துக்கொண்டாலும் கதை இதுவே. மொறுமொறுப்பான இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துக் கொடுக்கும்போது, பொரியலாகவே பீட்ரூட்டை அறிந்த பிற மாவட்டத்துக்காரர் முதல் கடிக்கு முன் தயங்குகிறார். இரண்டாவது செட்டை அவரே கேட்கிறார்.

சொல்லி விற்கிறார்களா என்ற கேள்விக்கு வந்தால்தான் ஏற்காட்டுக்கு நடந்த உண்மையான இழப்பு தெரியும். 1940களில் தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை, இந்தியாவில் விளைந்த காப்பி அரசின் காப்பி வாரியம் நடத்திய பொதுத் தொகுப்புக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். போர்க்காலத்தில் ஏற்றுமதி நின்று விலை சரிந்தபோது விவசாயியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சேர்வராயன் கொட்டையும் குடகுக் கொட்டையும் பழனிமலைக் கொட்டையும் ரகவாரியாக ஒரே குவியலில் சேர்ந்தன. எந்த மலை, எந்தச் சரிவு என்பது வழியிலேயே அழிந்தது. தரமாக விளைத்தவருக்குத் தனிப்பெயர் கிடைக்கவில்லை. குடிப்பவருக்கும் மலையின் பெயரைக் கேட்கும் பழக்கம் வளரவில்லை. சிக்கரி இருபது சதவீதமா முப்பதா என்று இரண்டு தலைமுறைகள் துல்லியமாகக் கேட்டார்கள். மீதி எண்பதோ எழுபதோ எங்கே விளைந்தது என்று கேட்கவே இல்லை. கொட்டையோடு கொட்டை சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் எளிதில் அகப்படாது. அதனால் முகம் சுளிக்கவும் யாரும் இல்லை.

அந்தத் தொகுப்பு முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. காப்பி வாரியம் இன்று வட்டாரவாரியாகப் பெயர் சொல்லும் காப்பிகளில் சேர்வராயனும் ஒன்று. ஆனால் 2019-இல் குடகு, சிக்மகளூர், பாபா புடன்கிரி, அரக்கு ஆகியவற்றின் அராபிகாவுக்கும் வயநாட்டு ரோபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை, தமிழ்நாட்டின் வேறெந்த மலையும் இல்லை. அரைத்துக் கொடுக்கும் கடையில் சிக்கரியின் அளவைச் சொல்லும் பலகைக்குப் பக்கத்தில் கொட்டை வந்த மலையின் பெயரும் தொங்க வேண்டும், தொங்காவிட்டால் வாங்குபவர் கேட்க வேண்டும். மலையாளிக் குடும்பங்கள் பலவும் இன்று சிறிய அளவில் காப்பி விளைக்கும் ஏற்காட்டில், அந்தப் பெயர் நேரடியாக விலையில் தெரியக்கூடிய ஒன்று.