பசியின்மையா, உண்ணா நோயா? – மும்பைத் தமிழ் இளையோரின் உடற்படிமமும் மெலிவின் வரலாறும்

முன்னுரை

உணவு இருந்தும் உண்ணாது மெலிதலும், அளவிறந்து உண்டு பின் அதனை வலிந்து வெளியேற்றுதலும் இன்றைய உளமருத்துவத்தில் உண்ணல் கோளாறுகள் எனப்படுகின்றன. இவை பெரும்பாலும் பதின்பருவத்திலோ அதனை அடுத்த ஆண்டுகளிலோ தோன்றுகின்றன. தன் உடல் குறித்து ஒருவர் மனத்தில் கொண்டிருக்கும் தோற்றம் உடற்படிமம் எனப்படும். இக்கோளாறுகள் மேலைநாட்டார்க்கே உரியவை என்னும் எண்ணம் இந்தியாவில் நெடுங்காலம் நிலவியது. மெலிந்த உடலைத் தமிழ் மரபும் மருத்துவமும் மும்பை மாநகரும் எவ்வாறு பொருள்கொண்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அதன்வழி, இந்நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர் மறுஆய்வுக்குரியது என்பதை நிறுவ முயல்கிறது.

மருத்துவம் இட்ட பெயர்

1689ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன், காய்ச்சலோ இருமலோ இன்றி உடல் தேய்ந்த இளம்பெண் ஒருத்தியின் நிலையைப் பதிவு செய்தார். 1873இல் பாரிசில் லசேக்கும் இலண்டனில் வில்லியம் கல்லும் ஒருவரையொருவர் சாராது இந்நோயை விளக்கினர். கல் சூட்டிய ‘அனரெக்சியா நெர்வோசா’ என்னும் பெயரே நிலைபெற்றது. ‘அனரெக்சியா’ என்னும் கிரேக்கச் சொல்வழிப் பெயருக்கு உண்ணும் விருப்பம் இல்லாமை என்பது பொருள். தமிழில் இதனைப் ‘பசியின்மை’ எனப் பெயர்ப்பது வழக்கமாயிற்று.

இப்பெயர் மூலத்திலேயே பிழைபட்டது. நோயுற்றோர்க்குப் பசி உண்டு; அதனை அடக்குவதே அவர்தம் முயற்சி. உணவைப் பற்றிய எண்ணம் அவர்களை விட்டு அகல்வதில்லை. ஹில்டா புரூக் 1973இல் வெளியிட்ட நூலில் இதனை வலியுறுத்தினார். 1979இல் ஜெரால்டு ரசல் மற்றொரு கோளாற்றுக்குப் ‘புலிமியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். அப்பெயரின் கிரேக்க மூலம் எருதின் பசியைக் குறிப்பது.

தமிழ் மரபில் மெலிவு

எருதின் பசியைக் கூறும் அச்சொல், மணிமேகலை கூறும் யானைத்தீ நோயை நினைவூட்டுகிறது. விருச்சிக முனிவரின் சாபத்தால் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகள் தணியாப் பசியால் வருந்தினாள்; அமுதசுரபியின் உணவால் அது தணிந்தது. விலங்கின் பெயரால் பெரும்பசியைச் சுட்டும் முறை இரண்டிற்கும் பொது. ஆயினும் காயசண்டிகை உண்டதை மறைத்தவள் அல்லள், வெளியேற்றியவளும் அல்லள். ஆதலின் இரண்டையும் ஒரே நோயெனக் கொள்வது பொருந்தாது.

உண்ணாமை குறித்துத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் செய்தி மேலும் கருதத்தக்கது. களவுக்கால மெய்ப்பாடுகளைத் தொகுக்குமிடத்துப் பசி வருத்தவும் உணவு கொள்ளாது நிற்றல், பசலை படர்தல், உணவிற் குறைதல், உடல் சுருங்குதல், உறக்கம் மறுத்தல் ஆகியன அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. பசியைத் தாங்கி நிற்றலும் உணவு குறைதலும் தனித்தனியே எண்ணப்படுவது நோக்கத்தக்கது. பசி இருக்கவே உண்ணாதிருத்தல் ஒரு தனி நிலை என்பதைத் தமிழ் இலக்கணம் அறிந்திருந்தது. தொல்காப்பியர் இந்நோயை விளக்கினார் என்பது இதன் பொருளன்று; இவ்வேறுபாட்டைக் காட்டும் சொல்லாற்றல் தமிழுக்குப் புதிதன்று என்பதே இங்குப் பெறப்படுவது.

அகப்பாடல்களில் தலைவியின் மெலிவைக் காணும் தாயர் அதனை முருகன் அணங்கியது எனக் கருதி வேலனை அழைக்கின்றனர். கட்டுவிச்சியிடம் குறி கேட்கின்றனர். மெய்யான காரணத்தை அறிந்தவள் தோழி. அவள் அறத்தொடு நின்ற பின்னரே இல்லத்தார் உண்மையை உணர்கின்றனர். மெலிவு கண்ணுக்குத் தெரியினும் அதன் காரணம் பிறிதாகக் கொள்ளப்படும் என்பதை இத்துறை நன்கு உணர்த்துகிறது. மேலும், வளை நெகிழ்வதும் மேனி வாடுவதும் அங்குத் துயரின் அடையாளங்கள். தலைவி விரும்பி அடையும் இலக்குகள் அல்ல.

விரும்பி மேற்கொள்ளும் உண்ணாமையும் தமிழர் அறிந்ததே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைத் திருநாதர்குன்றத்துக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. காரைக்காலம்மையார் தசையுடல் நீங்கிப் பேயுருவை வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. ஐரோப்பாவில் 1380இல் மறைந்த சியன்னாவின் கத்தரீனம்மாளின் நோன்பை ருடால்ப் பெல் 1985இல் இந்நோயோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். எனினும் வடக்கிருத்தலும் நோன்பும் ஊரறிய நிகழ்ந்தவை. உண்ணா நோயோ தட்டில் உணவை ஒதுக்கியும் உண்டதாகப் பொய் கூறியும் மறைவில் வளர்வது.

மும்பையும் உடலின் காட்சியும்

மெலிவு துயரின் அடையாளமாக இருந்த நிலை மாறி, அழகின் இலக்கணமாக ஆன வரலாற்றில் மும்பைக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தித் திரைத்துறையின் தலைமையிடம் அந்நகரே. அங்கிருந்து 1959இல் தொடங்கப்பெற்ற ‘பெமினா’ இதழ், 1964 முதல் இந்திய அழகிப் போட்டியை நடத்தலாயிற்று. முகத்தை வெளுப்பாக்கும் எனக் கூறி 1975இல் விற்பனைக்கு வந்த ‘பேர் அண்டு லவ்லி’ பசை, எதிர்ப்புகளுக்குப் பின்னர் 2020இல்தான் பெயர் மாற்றம் பெற்றது.

இச்சூழலில் தமிழகத்திலிருந்து சென்ற ஒரு பதின்பருவத்தாரின் வரலாறு பொதுப்பதிவில் உள்ளது. ஜெமினி கணேசன், புஷ்பவல்லி ஆகியோரின் மகளான ரேகா 1954இல் சென்னையில் பிறந்தவர். பதினாறு வயது நிரம்பும் தறுவாயில் 1970இல் வெளிவந்த ‘சாவன் பாதோன்’ படத்தின்வழி இந்தித் திரையில் அறிமுகமானார். அவருடைய கருநிறமும் உடற்பருமனும் இதழ்களில் எள்ளலுக்குள்ளாயின. அப்பத்தாண்டின் இறுதியில் அவர் உடல் மெலிந்து புதிய தோற்றம் பெற்றபோது அதே துறை பாராட்டியது. 1983இல் உடற்பயிற்சியும் உணவுமுறையும் பற்றிய நூலொன்றையும் அவர் வெளியிட்டார். அவருக்கு நோய் இருந்தது என இதனால் கூறுதல் தகாது. வளரும் பருவத்துத் தென்னிந்தியப் பெண்ணின் உடலைப் பழிக்கவும் புகழவும் தமக்கு உரிமை உண்டென ஒரு நகரத்தின் இதழ்கள் கருதின என்பதே இங்கு அறியத்தக்கது.

1992இல் ஜீ தொலைக்காட்சி தொடங்கியது. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐசுவரியா ராய் உலக அழகியாகவும் தேர்வு பெற்றனர். 2016இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜியோ நிறுவனம் மலிவான இணையத்தை அளித்தபின், திரையில் கண்ட உடல் ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் வந்தது. இத்தகைய காட்சிகளின் விளைவை பிஜித் தீவில் ஆன் பெக்கர் ஆராய்ந்தார். 1995இல் தொலைக்காட்சி அறிமுகமான ஒரு பகுதியில், எடை குறைப்பதற்காக உண்டதை வலிந்து வெளியேற்றிய பள்ளி மாணவியர் அப்போது எவருமிலர்; 1998இல் அவர்கள் 11.3 விழுக்காட்டினர் ஆயினர்.

மும்பைத் தமிழர் வாழிடங்கள்

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழர் தாராவியில் வேரூன்றினர். மாட்டுங்காவில் தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் ஆஸ்திக சமாஜத்தையும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியையும் அமைத்தனர். தனித்து வாழ்ந்த அலுவலர்க்கு ஊர்ச்சுவை அளித்த உணவகங்கள் அங்குப் பெருகின. விடுதலைக்குப் பின் செம்பூரிலும் தமிழர் குடியிருப்புகள் வளர்ந்தன. புலம்பெயர்ந்தோர்க்கு ஊர் உணவு உறவைக் காக்கும் கருவி. அவ்வுணவை மறுக்கும் பிள்ளையின் செயல் பெற்றோர்க்கு அன்பை மறுப்பதாகத் தோன்றுவது இயல்பு. அதனால் நோய் பற்றிய பேச்சு பூசலாக மாறிவிடும் இடர் உண்டு.

மெலிவுக்கு ஆயத்தமான விளக்கங்களும் உள்ளன. வறுமை நிலவும் இல்லத்தில் அது சத்துக்குறைவாகக் கொள்ளப்படலாம்; நோன்பு வழக்கமுள்ள இல்லத்தில் விரதமாகவும், தேர்வுக்காலத்தில் படிப்பின் களைப்பாகவும் கொள்ளப்படலாம். வசதியுள்ள இல்லத்திலோ அது பாராட்டையே பெறக்கூடும். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமே தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துகிறது. 2019–21 ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 18.7 விழுக்காட்டினர் உரிய எடைக்குக் குறைந்தோர். 24 விழுக்காட்டினர் மிகை எடையினர். 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 59.1 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை இருந்தது. இக்கணக்கு உடலின் எடையை அறியும். உண்ண இயலாமையையும் உண்ண மறுத்தலையும் பிரித்தறியாது. தாராவியின் வறுமையில் உண்ணா நோய் இராது எனக் கொள்வதும் அதனால் பொருந்தாது.

இந்திய ஆய்வுகள் காட்டுவன

1995இல் தில்லி மருத்துவர்கள் கண்டேல்வால், சரண், சக்சேனா ஆகியோர் ஐந்து இளம்பெண்களின் நிலையை வெளியிட்டனர். அவர்கள் உணவை மறுத்தனர், வாந்தியாலும் எடைக் குறைவாலும் துன்புற்றனர், மாதவிலக்கு நின்றிருந்தது. ஆயினும் மேலை நூல்கள் கூறும் உடற்படிமத் திரிபு அவர்களிடம் காணப்படவில்லை. 1998இல் சீனிவாசன் முதலியோர் சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆய்ந்து, 14.8 விழுக்காட்டினரிடம் கடுமை குறைந்த உண்ணல் இடர் இருப்பதாகக் கண்டனர். ஹாங்காங்கில் சிங் லீ என்பாரும் பருமன் குறித்த அச்சமின்றியே உண்ணாது மெலிந்தோரைக் கண்டு எழுதினார். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அச்சத்தை வெளிப்படையாகக் கூறாவிடினும் எடை கூடுவதைத் தடுக்கும் தொடர்ந்த செயலைச் சான்றாக ஏற்றது. மாதவிலக்கு நிற்றல் வேண்டும் என்னும் விதியையும் நீக்கியது. ஆண்பிள்ளைகளின் நோயை அறிவதற்கு இருந்த தடையொன்றும் இதனால் நீங்கிற்று.

தொகுப்புரை

உளநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் உண்ணா நோயும் ஒன்று. இதயத்துடிப்பு குலைதலும் தன்னுயிர் மாய்த்தலும் அதன் முடிவுகளாகக்கூடும். இதனால் பெயரிடுதல் சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. ‘பசியின்மை’ எனக் கேட்ட தாய் பசியைத் தூண்டும் மருந்தையே தேடுவாள். ‘உண்ணா நோய்’ எனின், பசித்தும் உண்ணாதது ஏன் என்னும் வினா எழும். புலிமியாவுக்கு ‘உண்டு உமிழ் நோய்’ என்பது பொருந்தும். தமிழ்த்துறைகள் மருத்துவருடன் இணைந்து இக்கலைச்சொற்களை வரையறுத்தல் வேண்டும். இப்பணிக்குத் தொல்காப்பியத்தின் பகுப்பு துணைநிற்கும்.

அகமரபில் மெலிவின் காரணத்தை முதலில் அறிந்தவள் தோழி. பள்ளியில் உடன் அமர்ந்து உண்ணும் நண்பரே இன்றும் மாற்றத்தை முதலில் காணக்கூடியவர். அவர் கூறுவதைப் பழிப்பின்றிக் கேட்கும் ஆசிரியரும் பெற்றோரும் தேவை. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ உளநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் அணுகலாம். அவ்வெண்ணை அழைக்கும் தாய், தன் பிள்ளையின் நிலையைச் சொல்லத் தக்கதொரு தமிழ்ச்சொல்லைப் பெற்றிருத்தல் வேண்டும்.