வட திருநெல்வேலியில் ராக்லாந்து

தாமஸ் கஜேத்தன் ராக்லாந்து (1815–1858) சர்ச் மிஷனெரி சங்கத்தைச் (சி.எம்.எஸ்.) சேர்ந்த ஆங்கிலேய மிஷனெரி. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டாரங்களில் 1854 முதல் கூடாரங்களில் தங்கி, ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தார். இராஜபாளையம் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் இருந்தது. அப்பகுதி முழுவதும் அந்நாளில் 'வட திருநெல்வேலி' எனப்பட்டது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது.

அவருடைய ஊழியம் இங்கு நான்கு ஆண்டுகளே நடந்தது. கண்ணுக்குத் தெரிந்த பலனும் மிகக் குறைவு. பலன் தெரியாத உழைப்புக்கும் தீராத நோய்க்கும் என்ன பொருள் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையே அவரைக் குறிப்பிடத்தக்கவராக்குகிறது.

கணக்கரும் கணிதரும்

ராக்லாந்து ஜிப்ரால்டரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். லிவர்ப்பூலில் மாமாவின் வணிக அலுவலகத்தில் சில ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தபின் கேம்பிரிட்ஜ் சென்றார். 1841-இல் கணிதச் சிறப்புத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வுறுப்பினரானார். வாழ்நாள் முழுவதும் வசதியாக இருக்கப் போதுமான பதவி அது. அதை விட்டு இந்தியா வந்தவருக்குச் சென்னையில் கிடைத்த வேலை சி.எம்.எஸ். செயலாளர் பொறுப்பு. அதாவது மீண்டும் கணக்கேடு, கடிதம், பண அனுப்பீடு! மிஷனெரி என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரத்துக்கும் இதற்கும் வெகுதூரம். ஆனால் இந்த அன்றாட அலுவலையும் அவர் ஊழியமாகவே எண்ணிச் செய்தார்.

யோவான் சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமை மணி உவமை அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. நிலத்தில் விழுந்து மடியும் மணிதான் விளைச்சல் தரும். வெற்றிக்கு மனிதர் வகுக்கும் திட்டங்கள் பல இருந்தாலும் இதுவே நிச்சயமான வழி என்பது அவர் கருத்து.

கரிசல் நிலத்தில்

அலுவல் நிமித்தமாகத் திருநெல்வேலிச் சபைகளைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு வேறுபாடு அவருக்குத் தெரிந்தது. ரேனியுஸ் காலம் (1820–1838) தொட்டுத் தெற்கே பனங்காட்டுப் பகுதியில் சபைகள் பெருகியிருந்தன. மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களில் பள்ளியும் ஆலயமும் நிலைபெற்றிருந்தன. வடக்கே கரிசல் பகுதியில் கிறிஸ்தவர் மிகச் சிலரே. மொழிச் சிக்கலும் உண்டு. இராஜபாளையத்து ராஜுக்களும் சுற்றூர்களின் நாயக்கர்களும் ரெட்டியார்களும் வீட்டில் பேசியது தெலுங்கு.

மேலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். பக்தி என்பதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டிய இடமன்று. இறைவனைப் பிரிந்த வேதனையையே பாட்டாக்கிய மரபு அங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேரூன்றியிருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களின் பேச்சுக்கு உடனே செவி கிடைக்காததில் வியப்பில்லை.

உடல்நலம் கெட்டு இங்கிலாந்து சென்ற ராக்லாந்து, திரும்பி வந்து டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளுடன் இப்பணியைத் தொடங்கினார். ஃபென், கோட்டயம் கல்லூரியை நடத்திய ஜோசப் ஃபென்னின் மகன். பங்களா கட்டி மக்களை அங்கே வரவழைப்பதற்குப் பதிலாகக் கூடாரமடித்து, சுற்றியுள்ள ஊர்களுக்குக் காலையும் மாலையும் நடந்து செல்வதும், ஒருமுறை போன ஊருக்கு மறுபடியும் மறுபடியும் போவதும் அவர்கள் முறை. கரிசல் காட்டு வெயிலிலும், மழை பெய்தால் வண்டிச் சக்கரம் புதையும் சேற்றிலும் இப்படி அலைவது திடமான உடம்புக்கே கடினம். ராக்லாந்துக்கோ நுரையீரல் நோய்.

இதில் அதிகம் பேசப்படாத பகுதி, தென் திருநெல்வேலித் தமிழ்ச் சபைகளின் பங்கு. அச்சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து மாதாமாதம் வடக்கே அனுப்பி, அவர்களுக்கான செலவையும் தாங்களே ஏற்றன. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த எளிய குடும்பத்தினர். பெயர் எழுதிவைக்கப்படாத அந்த உபதேசியார்கள், குடும்பத்தை ஊரில் விட்டு அறிமுகமில்லாத தெருக்களில் நின்று பேசினார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கு இதை முன்னோடி என்றே கொள்ளலாம். பிற்காலத்தில் சென்னையில் புகழ்பெற்ற போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனும் இளமையில் இவ்வட்டாரத்தில் பணிசெய்தவர். அவர் பாளையங்கோட்டையில் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் குருக்ஷாங்க்ஸ் பார்வையற்றவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

மறைவும் பின்னும்

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ராக்லாந்தின் நுரையீரலில் இரத்தக்குழாய் வெடித்தது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 43, மணமாகாதவர். எண்ணிக்கையைப் பார்த்தால் அவரது அறிக்கையில் பெருமையாகக் காட்ட அதிகமில்லை. ஃபென்னும் மெடோஸும் பணியைத் தொடர்ந்தனர். இப்பகுதியில் சபைகள் உருவானது பிற்பாடுதான்.

தோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் 1922-இல் ராக்லாந்தின் வரலாற்றை நூலாக எழுதினார். ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் 1931-இல் அவரே தவறி விழுந்து காயமடைந்து, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். நோயாளிகளுக்கு நலமுள்ளவர்கள் எழுதும் ஆறுதல் நூல்கள் மனத்தில் ஒட்டுவதில்லை என்று கண்டு, நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்காக அவர் எழுதிய நூல் 1933-இல் வெளிவந்தது.