மாவில்லாத மாவுச்சத்து: ஜிகர்தண்டாவில் காலக்டோஸ்

கார்போஹைட்ரேட்டை 'மாவுச்சத்து' என்று தமிழில் எழுதும் வழக்கம் பரவலாக வேரூன்றியிருப்பினும், அச்சொல் அச்சேர்மங்களின் இயல்பை விளக்குவதைவிட மறைப்பதே மிகுதி. மாவுச்சத்து என்பது அரிசியிலும் கிழங்கிலும் தாவரம் சேமித்து வைக்கும் குளுக்கோஸ் சங்கிலிகளுக்கு மட்டுமே உரிய பெயராகும். அதனை முழு இனத்துக்கும் சூட்டும்போது, கார்போஹைட்ரேட் என்றாலே செரித்துச் சர்க்கரையாகும் உணவு என்ற எண்ணமும் உடன் ஒட்டிக்கொள்கிறது. மதுரை விளக்குத்தூண் முதல் வைகைத் தென்கரைக் கோச்சடை வரை கோடையில் விற்பனையாகும் ஜிகர்தண்டா இவ்வெண்ணத்தைச் சோதிக்க ஏற்றது. கடைக்குக் கடை பக்குவம் மாறினும், மாவு சேராத அப்பானத்தின் பால், கடற்பாசி, பாதாம் பிசின் ஆகிய மூன்றிலும் காலக்டோஸ் என்ற ஒரே சர்க்கரை இடம்பெறுகிறது. மூன்றும் உடலில் அடையும் கதியோ வெவ்வேறு.

காலக்டோஸும் குளுக்கோஸும் ஒரே எண்ணிக்கையிலான அணுக்களைக் கொண்டவை. நான்காம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை, எப்பக்கம் நோக்கியுள்ளது என்பதே வேறுபாடு. பாலில் இவ்விரண்டும் பீட்டா பிணைப்பால் கோக்கப்பட்டு லாக்டோஸாக உள்ளன. சிறுகுடலின் லாக்டேஸ் நொதி அப்பிணைப்பை வெட்டிய பின், கல்லீரல் காலக்டோஸைக் குளுக்கோஸ் வழிக்குத் திருப்புகிறது. இவ்வழியைத் துலக்கிய லூயிஸ் லெலுவார் 1970இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பால்குடிப் பருவத்துக்குப் பின் லாக்டேஸ் குறைந்தவர்களுக்கு அதே லாக்டோஸ் பெருங்குடலை எட்டி, பாக்டீரியாக்களால் நொதித்து, வயிற்றுப் பொருமலாக முடிகிறது.

கடற்பாசி எனக் கடைகளில் வழங்குவது அகர் என்ற பலசர்க்கரை. பாம்பன், மண்டபம், இராமேசுவரம் கடற்பகுதிகளில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அது பிரிக்கப்படுகிறது. மதுரைப் பகுதியிலும் அகர் ஆலைகள் உண்டு. அதன் சங்கிலியில் காலக்டோஸும், ஒரு நீர் மூலக்கூறை இழந்து உள்ளேயே பாலமிட்டுக்கொண்ட அன்ஹைட்ரோகாலக்டோஸும் மாறிமாறி வருகின்றன. அந்தப் பாலம் மிகுந்தால் சங்கிலிகள் இரட்டைச் சுருளாக முறுக்கிக்கொண்டு வலை பின்னும். சங்கிலியில் ஒட்டியுள்ள சல்பேட் தொகுதிகள் மிகுந்தால் முறுக்கு தளரும். கஞ்சிப் பாசியைக் காரக் கரைசலில் பதப்படுத்துவது, சல்பேட்டை அகற்றி அவ்விடத்தில் பாலம் அமைப்பதற்கே. கொதிநீரில் கரைந்து 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே உறையும் அகர், மீண்டும் இளக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் ஐஸ் கரைந்த பின்னும் தம்ளரின் அடியில் பாசித் துண்டுகள் முனை மழுங்காமல் கிடப்பது இதனால்தான். நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேவுக்கு, 1881இல் அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே தம் சமையலறை அனுபவத்தைக் கொண்டு நுண்ணுயிர்களை வளர்க்க அகரைப் பரிந்துரைத்ததும் இவ்வுறுதியை நம்பியே. 37 டிகிரியில் இளகாததும், பெரும்பாலான நுண்ணுயிர்கள் தின்னாததுமான ஊடகம் அவ்வாறு கிட்டியது. மனிதக் குடலிலும் அதை வெட்டும் நொதி சுரப்பதில்லை.

பாதாம் பிசின், பட்டையில் காயம்பட்ட இடத்தை மூட மரம் கசியவிடும் பொருள். அதன் காலக்டோஸ் சங்கிலியிலிருந்து அரபினோஸ் என்ற ஐங்கார்பன் சர்க்கரை கிளைகளாகப் பிரிகிறது. குளுக்குரோனிக் அமிலம் எதிர்மின்னூட்டம் தருகிறது. கிளைகள் நெருங்கி அடுக்க விடாததாலும், ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதாலும், இரவு ஊறப்போட்ட சில கட்டிகள் காலையில் பாத்திரம் நிறையப் பொங்கி நிற்கின்றன. பிசின் சூட்டைத் தணிக்கும் என்ற நம்பிக்கையைப் பொறுத்தவரை, அது நீரைப் பிடித்து வைக்கும் என்பது வரை வேதியியல் உடன்படும்; தம்ளரின் குளிர்ச்சியில் பெரும்பங்கு ஐஸுக்கே உரியது.

அருந்துபவரின் குருதியிலும் காலக்டோஸ் உண்டு, அங்கே அது உணவாக இல்லை. சிவப்பணுப் பரப்பிலுள்ள சர்க்கரைக் கிளையின் நுனியில் காலக்டோஸ் கூடுதலாக அமர்ந்தால் பி வகை. அதே இடத்தில், இரண்டாம் கார்பனின் ஹைட்ராக்சிலுக்குப் பதில் நைட்ரஜன் கொண்ட தொகுதியை ஏந்திய அசிட்டைல்காலக்டோசமைன் அமர்ந்தால் ஏ வகை. இரண்டும் அமராவிட்டால் ஓ வகை. இந்த ஒரு கார்பனின் பொருட்டே ஏ வகைக் குருதியும் பி வகைக் குருதியும் இரத்த வங்கிகளில் தனித்தனித் தட்டுகளில் வைக்கப்படுகின்றன.