நினைவுள்ள உலோகம்

செவியினாற் பிறந்த கண்டுபிடிப்பு ஒன்றினைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள கடற்படைப் படைக்கல ஆய்வுகூடத்தில், வில்லியம் பியூலர் என்னும் உலோகவியலாளர், ஏவுகணையின் முனைக்கூம்புக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் தைத்தானியமும் ஏறக்குறையச் சம அளவு அணுக்களாய்க் கலந்த கோல்களை வார்த்தார். ஆறிய கோலொன்றைத் தரையிற் போட்டபோது ஓசை மந்தமாக எழுந்தது; சூடாறாத கோலோ மணிபோல் ஒலித்தது. அதனையே நீரிற் குளிர்வித்துப் போட, மணியோசை மறைந்தது. வெப்பத்தோடு உலோகத்தின் உள்ளமைப்பும் மாறுகின்றது என அவர் உணர்ந்தார்.

1961ஆம் ஆண்டளவில் ஆய்வுகூடத் தலைவர்களின் கூட்டமொன்றில், மடிப்பு மடிப்பாக வளைத்த இவ்வுலோகத் தகடு கைமாறியது. டேவிட் மஸி என்பவர் தமது புகைக்குழாயைக் கொளுத்தும் தீயை அதனருகே பிடித்தார். தகடு தானே நிமிர்ந்து நீண்டது! தன் பழைய வடிவத்தை அது மறக்கவில்லை. தங்கமும் கட்மியமும் சேர்ந்த கலப்புலோகத்தின் விந்தை இயல்பை, சுவீடன் நாட்டு ஆர்னே ஒலாண்டர் 1932இலேயே கண்டிருந்தார். எனினும் அதன் விலையும் நச்சுத்தன்மையும் பெருந்தடைகளாயின.

'நிற்றினோல்' எனப் பெயர்பெற்ற புதிய உலோகமோ மருத்துவத்துக்கும் பயன்பட்டது. குளிர்வித்துச் சுருக்கிய சிறு வலைக்குழாய், குருதிக்குழாயினுட் சென்றதும் உடற்சூட்டில் விரிந்து, அடைபட்ட வழியைத் திறந்து வைக்கின்றது.

ஆனால் இதனை உருவாக்குதல் எளிதன்று. வெட்டுங் கருவியை அது விரைவிலே தேய்த்துவிடும், வளைத்தால் மீண்டெழும். ஆதலின் இன்று உலோகத்தூளை மென்படையாகப் பரப்பி, லேசர்க் கதிரால் உருக்கி, படைமேற் படையாக நுண்ணிய உறுப்புகளைக் கட்டியெழுப்புகின்றனர்.

இங்கேதான் இடர் நிற்கின்றது. உருகும் வெப்பத்தில் நிக்கல் சிறிது ஆவியாகின்றது. நூற்றுக்குப் பத்திலொரு பங்கு குறைந்தாலே, வடிவம் மீளும் வெப்பநிலை பத்துப் பாகை அளவுக்கு உயரக்கூடும். 37 பாகை உடற்சூட்டில் விரியவேண்டிய உறுப்பு விரியாதாயின், உயிருக்கே ஊறு நேரும். எனவே கதிரின் வலிமையையும் வேகத்தையும் அளந்தமைத்து, பின்னர்ச் சூட்டிற் பதப்படுத்தி, அந்நினைவை அறிஞர் பேணுகின்றனர்.

வடிவத்தை ஆக்குதல் பாதித் தொழிலே. நினைவைக் காத்தலே மீதித் தொழில்.