மார்பகப் புற்றுநோய் சிகிச்சைப் படிநிலைகள் (எம். புதுப்பட்டி வட்டாரம்)

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி போன்ற பட்டாசுத் தொழில் ஊர்களில் மார்பில் கட்டி தென்படும் பெண், அது வலிக்கவில்லை என்பதாலேயே பல மாதம் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. வலியில்லாத கட்டியையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மேமோகிராம், ஸ்கேன், ஊசியால் சதை எடுக்கும் பயாப்சி ஆகியவை முதற்படி. எடுத்த சதையில் செய்யும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) சோதனைகளின் முடிவே மருந்தைத் தீர்மானிக்கிறது. இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது நோயாளியின் உரிமை.

அடுத்தது அறுவை: கட்டியை மட்டும் அகற்றலாம், அல்லது முழு மார்பையும். கட்டி பெரிதானால் கீமோ முன்னதாக வரும். கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை. முடி கொட்டும், வாய் புண்ணாகும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘கரண்டு வைப்பது’ என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, வாரத்துக்கு 5 நாளாகச் சில வாரங்கள் நீளும். தினக்கூலிப் பெண்ணுக்கு மிகக் கடினமான கட்டம் இதுவே; மருந்து இலவசமானாலும் இழந்த கூலியும் பஸ் செலவும் அவள் தலையில்தான். ஹார்மோன் வகையானால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை 5 முதல் 10 ஆண்டு.

இச்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இவ்வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் சிகிச்சைக்கும் பொருந்தும்.