‘போகோ’ வந்த வழி

நைஜீரியாவின் போகோ ஹராம் இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்டது நீளமான ஓர் அரபுப் பெயர். 2002 வாக்கில் மைதுகுரி நகரில் முகமது யூசுஃப் தொடங்கிய அந்தக் கூட்டத்துக்கு, அவருடைய பிரசங்கங்களைக் கேட்ட ஊரார் வைத்த பெயர்தான் ‘போகோ ஹராம்’. ஹராம் நாம் அறிந்த சொல், மார்க்கம் விலக்கியது. போகோ?

ஆங்கில ‘புக்’தான் வட நைஜீரியாவில் பேசப்படும் ஹவுசா மொழியில் ‘போகோ’ ஆனது என்று பலர் எழுதினார்கள். ஓசை ஒத்திருப்பது மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. புத்தகத்துக்கு ஹவுசாவில் ‘லித்தாஃபி’ என்ற வேறு சொல் உண்டு. ஹவுசா அறிஞர் பால் நியூமன் 2013இல் அந்தக் கருத்தை மறுத்தார். 1934இல் வெளிவந்த பார்கெரியின் ஹவுசா அகராதியில் போகோவுக்குள்ள பொருள்கள் போலி, பாசாங்கு, ஏமாற்று. ‘அமர்யார் போகோ’ என்றால் போலி மணப்பெண்.

போலியைக் குறித்த சொல் பள்ளிப்படிப்பைக் குறிக்க வந்தது காலனி ஆட்சியில். 1903இல் வட நைஜீரியாவின் சொகோட்டோ இஸ்லாமிய அரசு பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. அங்கே குர்ஆன் பள்ளிகளும், அரபு எழுத்தில் ஹவுசாவை எழுதும் ‘அஜமி’ மரபும் முன்பே வேரூன்றியிருந்தன. புதிய ஆட்சி ரோமன் எழுத்தையும் தன் பள்ளிகளையும் கொண்டுவந்தது. அங்கே படித்தால் பிள்ளை மார்க்கத்தை விட்டு விலகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்தப் படிப்பு ‘இலிமின் போகோ’, போலிக் கல்வி ஆனது. நாளடைவில் காரம் குறைந்து, போகோ பள்ளிப்படிப்புக்கே இயல்பான பெயராயிற்று. யூசுஃப் பழைய ஐயத்தைக் கிளறினார். படித்தவர்கள் ஆளும் நாட்டில் ஊழலையும் வேலையின்மையையுமே கண்ட இளைஞர்கள் செவிசாய்த்தார்கள். 2009இல் அவர் காவலில் கொல்லப்பட்ட பின் இயக்கத்தின் வன்முறை பெருகியது. 2014இல் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்டனர்.

அதே மைதுகுரியில் 2007இல் வழக்கறிஞர் ஜன்னா முஸ்தஃபா 36 பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். குர்ஆனும் கணக்கும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ். சாப்பாடும் சீருடையும் இலவசம். இறந்த போராளியின் பிள்ளையும் இறந்த படைவீரரின் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். மற்றப் பள்ளிகள் மூடிக்கிடந்தபோதும் இது நடந்தது. 2017இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சன் விருது முஸ்தஃபாவுக்குக் கிடைத்தது.

தீவிரவாதத்துக்கு ஆள் சேர்வதைத் துப்பாக்கி மட்டும் தடுக்காது. மார்க்கத்தை இழக்காமலே போகோ படிக்கலாம் என்று பெற்றோர் நேரில் கண்டால், அதை ஹராம் என்பவனின் பேச்சு எடுபடாது. இத்தகைய பள்ளிகள் ஊருக்கு ஊர் வேண்டும். அவற்றை நடத்துவோருக்குப் பணமும் பாதுகாப்பும் தருவது அரசின் கடமை.