பெயருக்கு முன்பே நடந்த வேலை

தென்மேற்கு ஸ்பெயினில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் ரியோ டின்டோ. ‘சாயமேறிய ஆறு’ என்று பொருள் கொள்ளலாம். அதன் நீர் செந்நிறமானது. புளிப்பில் எலுமிச்சைச் சாற்றுக்கு இணையானது. ரோமானியர் காலத்துக்கு முன்பிருந்தே அதன் கரையில் செம்பு தோண்டி வந்தனர்.

1873இல் பிரிட்டிஷ் முதலாளிகள் தலைமையிலான நிறுவனம் அச்சுரங்கங்களை வாங்கியது. தாதுவைத் திறந்த வெளியில் குவித்து மாதக்கணக்கில் வறுத்தனர். கந்தகப் புகையில் பயிர்கள் கருகின. மனிதர் மூச்சுத் திணறினர். 1888 பிப்ரவரி 4 அன்று, புகையை எதிர்த்தும் வேலைக் குறைகளைச் சொல்லியும் திரண்ட மக்கள்மீது படையினர் சுட்டனர். இறந்தோர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ‘துப்பாக்கிச் சூடுகளின் ஆண்டு’ என்பதே அவ்வாண்டுக்கு அங்கு நிலைத்த பெயர்.

தீயின்றிச் செம்பெடுக்கும் வழியும் அங்கு வழக்கில் இருந்தது. குவியல் வழியே நீரைக் கசியவிட்டு, வடியும் நீரில் பழைய இரும்பை இட்டால் செம்பு படியும். அது மெல்ல நடந்தது. வெறும் வேதிவினை என்றே எண்ணினர்.

1947இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமில நீரை ஆராய்ந்த கோல்மரும் ஹிங்கிளும், இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்வது ஒரு பாக்டீரியா என்று காட்டினர். 1951இல் அதற்குத் தயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று பெயரிடப்பட்டது.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. அந்தப் பாக்டீரியாவுக்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி. ஆக்சிஜனேற்றமோ வெப்பத்தை வெளியிடும் வினை. பெரிய தாதுக் குவியலின் உள்வெப்பம் 50 டிகிரியையும் தாண்டும். அங்கே அது மடியும், வேலையோ தொடரும். தொடர்வது யார்?

விடை பல இடங்களிலிருந்து வந்தது. 1960களில் ஜேம்ஸ் பிரையர்லி, யெல்லோஸ்டோன் அமில வெந்நீர் ஊற்றொன்றில் 70 டிகிரியில் வாழும் உயிரைக் கண்டார். 1972இல் தாமஸ் பிராக் குழுவினர் அத்தகைய மற்றோர் உயிருக்குச் சல்போலோபஸ் எனப் பெயரிட்டனர். 1978இல் சோவியத் ஆய்வாளர்கள் கோலோவாச்சேவாவும் கரவைகோவும், 50 டிகிரியில் செழிக்கும் சல்போபாசில்லஸை விவரித்தனர். இது மெய்யான பாக்டீரியா. சல்போலோபஸோ, கார்ல் ஊஸ் 1977இல் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா என்னும் தனிக்கிளையைச் சேர்ந்தது என்று பின்னர் தெளிவாயிற்று.

பிரையர்லி கண்ட உயிர் முதலில் சல்போலோபஸ் இனத்தில் வைக்கப்பட்டு, 1986இல் அசிடியானஸ் என மறுபெயர் பெற்றது. அமிலத்தோடு, இருமுக ரோமானியத் தெய்வமான ஜேனஸின் பெயரும் அதில் கலந்துள்ளது; கந்தகத்தை ஆக்சிஜனேற்றவும் ஒடுக்கவும் வல்லது என்பதால்.

மொழியியல் பயின்ற எனக்கு, இக்குழு முழுமைக்குமே அப்பெயர் பொருந்தும் என்று தோன்றுகிறது. புகையின்றிச் செம்பைத் தருவதும் இவைதாம். கைவிட்ட சுரங்கங்களிலிருந்து ஆறுகளை அமிலமாக்குவதும் இவைதாம். ஒரு சொல் அகராதியில் ஏறிய ஆண்டு, பொருள் பிறந்த ஆண்டு ஆகாது. 1888இல் சுடப்பட்டவர்களின் ஊரருகே ஓடிய சிவந்த நீரில், பெயரற்ற நுண்ணுயிர்கள் தம் வேலையை முன்பே செய்துகொண்டிருந்தன.